பந்துக்கு அப்பால் கிடக்கும் புல்

ஏற்காடு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் நீ அனுப்பியிருந்த காணொளிகளையும் நானும் உன் அப்பாவும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உன் கோல்ஃப் ஆட்டத்துக்குப் புதிதாக ஓர் அயர்ன் தொகுப்பு, அதாவது உலோகத்தலை மட்டைகளின் தொகுப்பு, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வாங்காதே என்பதுதான் என் பதில். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிடுகிறது என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் அடித்துப் பார்த்த புதிய 7 அயர்ன், உன் பழைய மட்டையைவிட வெகுதூரம் பந்தை அனுப்பியதில் வியப்பில்லை. அதன் அடியில் பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல், லாஃப்ட், அதாவது மட்டைமுகத்தின் சாய்வு, எத்தனை பாகை என்று கேட்டிருக்க வேண்டும். நீலகிரி வெலிங்டனில் உன் தாத்தாவுக்கு ராணுவப் பணி இருந்தபோது நான் ஆடக் கற்றுக்கொண்ட காலத்தில், 7 அயர்னின் முகம் 35 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். இன்று வார இறுதி ஆட்டக்காரர்களுக்கென்று செய்யப்படும் பல தொகுப்புகளில் அது 30 பாகைக்கும் கீழே இறங்கிவிட்டது. எண் குறையக் குறையச் சாய்வு குறைந்து பந்து தூரம் போகும்; பழைய 5 அயர்னின் சாய்வை வைத்துக்கொண்டு மேலே 7 என்று பொறித்தால், வாங்குகிறவருக்குத் தன் கை வலுத்துவிட்டதாகத் தோன்றத்தானே செய்யும்? எடையை மட்டைத்தலையின் அடிப்பகுதிக்குக் கொண்டுவந்து, சாய்வு குறைந்தும் பந்து உயரே எழும்படி செய்திருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நல்ல பொறியியல்தான். எந்த எஃகில் செய்தால் என்ன பலன் என்று, சேலம் உருக்காலையில் வேலை பார்த்த உன் அப்பா ஒரு மணி நேரம் பேசக்கூடும். ஆனால் உன் குறை மட்டைத்தலையில் இல்லை.

குறை எங்கே என்று சொல்கிறேன். முன்பக்கத்திலிருந்து எடுத்த காணொளியில், மட்டை பந்தைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பார். உன் எடையில் பெரும்பகுதி இன்னும் வலது காலிலேயே தங்கியிருக்கிறது. வலது தோள் கீழே தொய்ந்து, இடது மணிக்கட்டு உள்வாங்கி மடிந்து, மட்டைத்தலை உன் கைகளுக்கு முன்னால் ஓடிப்போயிருக்கிறது. பந்துக்குக் கீழே மட்டையைச் செலுத்தி அதை வானத்துக்குத் தூக்கிவிட வேண்டும் என்று உன் உடம்பு முயல்கிறது. பந்தைத் தூக்குவது உன் வேலையே அன்று. முகத்தின் சாய்வு அந்த வேலையைச் செய்யும். உன் வேலை, மட்டையைக் கீழ்நோக்கிக் கொண்டுவந்து முதலில் பந்தையும் அதற்குப் பிறகு மண்ணையும் தொடவைப்பது மட்டுமே.

இது கேட்பதற்கு முரணாக இருக்கிறது என்பதால்தான் பெரும்பாலோர் நம்ப மறுக்கிறார்கள். தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் அடியை ரேடார் கருவிகளால் அளந்து பார்த்தபோது, மட்டைத்தலை ஏறத்தாழ 4 பாகை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கையில்தான் பந்தைத் தொடுகிறது என்று தெரிந்தது. ஆனாலும் பந்து ஏறத்தாழ 16 பாகை மேல்நோக்கிக் கிளம்பி, நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுழற்சிகள் என்ற வேகத்தில் பின்னோக்கிச் சுழன்று, பனைமர உயரத்துக்கு எழுகிறது. அவர்கள் பந்தைத் தொடும்போது மட்டைத்தண்டு இலக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும், கைகள் மட்டைத்தலைக்கு முன்னால் இருக்கும், எடையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ இடது காலுக்குப் போயிருக்கும். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம், ஒரு நொடியை 2,000 கூறாக வெட்டினால் அதில் ஒரு கூறுதான். அந்தக் கணத்தில் யோசித்து எதையும் திருத்திவிட முடியாது. எனவே உன் உடம்பு எந்த நிலையில் அங்கே வந்து சேர்கிறது என்பதை, அதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

மட்டைத்தலை வளைந்து இறங்கி, அடிமட்டத்தைத் தொட்டு, மீண்டும் மேலேறுகிறது. அந்த வளைவின் அடிமட்டம் எங்கே விழுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நன்றாக ஆடுகிறவர்களுக்கு அது பந்தைத் தாண்டி, இலக்கின் பக்கம் ஏறத்தாழ நான்கு அங்குலத்தில் விழும். அதனால்தான் அவர்கள் பெயர்க்கும் புல்துண்டு பந்து இருந்த இடத்தில் தொடங்கி அதற்கு அப்பால் நீள்கிறது. உனக்கு அது பந்துக்கு இப்பாலே விழுகிறது. சில நாள் மண்ணை முதலில் வெட்டி, பந்து பாதித் தூரத்தில் விழுகிறது என்கிறாய். சில நாள் பந்தின் உச்சியைச் சீவி, அது தரையோடு ஓடுகிறது என்கிறாய். இவற்றை இரண்டு நோய்களாக எண்ணி, முதலாவதற்குப் பந்தை வலப்பக்கம் நகர்த்தியும் இரண்டாவதற்கு முழங்காலை மடக்கியும் மருந்து தேடியிருக்கிறாய். இரண்டும் ஒரே நோய். அடிமட்டம் பந்துக்கு இப்பால் இருந்தால், மட்டை அங்கே மண்ணில் சிக்கிக்கொள்ளலாம்; சிக்காமல் தப்பினால், மேலேறும் வழியில் பந்தின் நடுவயிற்றில் மோதலாம். எது நடக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

யாரோ உன்னிடம் தலையை அசைக்காதே, பந்தையே பார்த்துக்கொண்டிரு என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. காணொளியில் பந்து போன பிறகும் நீ தரையைப் பார்த்தபடி உறைந்து நிற்கிறாய். இந்த ஆட்டத்தில் நல்லெண்ணத்தோடு வழங்கப்படும் அறிவுரைகளில் இதைவிடக் கெடுதல் செய்வது வேறில்லை என்பது என் கருத்து. தலையைப் பூட்டிவைத்தால் மார்பு திரும்பாது, மார்பு திரும்பாவிட்டால் எடை இடது காலுக்குப் போகாது. 2001ஆம் ஆண்டில் ஒரு சுற்றை வெறும் 59 அடிகளில் முடித்த ஸ்வீடன் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம், மட்டை பந்தைத் தொடும்போதே முகத்தை இலக்கின் பக்கம் திருப்பத் தொடங்கியிருப்பார். நீ அவரைப் போலச் செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் தலையை அதன் போக்கில் விட்டுவிடு.

மைதானத்துக்குப் போகாமலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள தரையில் நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன். கோலமாவை எடுத்து, இலக்குத் திசைக்குக் குறுக்காக ஒரு நேர்க்கோடு போடு. அந்தக் கோடு உன் இரு பாதங்களுக்கு நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி வரும்படி நின்றுகொள். பந்து வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு மட்டும் மட்டையைப் பின்னால் கொண்டுபோய், இறக்கி, மறுபக்கம் இடுப்பு உயரத்தில் நிறுத்து. மண்ணில் விழுந்த கீறல் கோட்டின் இலக்குப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார். கோட்டுக்கு வலப்பக்கம் கீறல் தொடங்கியிருந்தால் அதை அழித்துவிட்டு மறுபடி செய். பத்து முறையில் எட்டு முறையாவது சரியாக விழும்வரை பந்தைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்வேன். சிங்கப்பூரில் கோலமாவு போட இடமில்லை என்றால், பூங்காப் புல்லில் ஒரு கயிற்றைக் கிடத்தி, அதற்கு இடப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளிப் புல்லைத் தொடப் பழகு.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீ பயிற்சி செய்யும் இடத்தில் பந்தை வைப்பது செயற்கைப் புல்விரிப்பின் மேல். அந்த விரிப்பு உன்னை ஏமாற்றுகிறது. பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே மட்டை தரையைத் தொட்டாலும், விரிப்பு அதை வழுக்கிப் பந்தின் மேல் தள்ளிவிடுகிறது. பந்தும் போகிறது, நீயும் மகிழ்கிறாய்; ஞாயிற்றுக்கிழமை உண்மையான புல்லுக்குப் போனதும் அதே அடி மண்ணுக்குள் புதைகிறது. வேறு வழியில்லை என்றால், பந்துக்கு நான்கு அங்குலம் வலப்பக்கத்தில் ஒரு கைத்துண்டை மடித்து வை. மட்டை துண்டைத் தொட்டால் அந்த அடியைக் கணக்கில் சேர்க்காதே, பந்து எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி. மட்டைமுகத்தில் பந்து எங்கே படுகிறது என்று அறிய, முகப்பவுடரைச் சிறிது தூவிவிட்டு அடித்துப் பார்த்தால் போதும்.

எடையை எப்படி இடது காலுக்குக் கொண்டுவருவது என்று கேட்பாய். சிறுவயதில் சேலத்து மூக்கனேரிக் கரையில் நின்று, ஓட்டுச்சில்லைத் தண்ணீரின் மேல் தத்திச் செல்லும்படி எறிவாயே, அப்போது உனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இடது கால் முதலில் முன்னே ஊன்றும், இடுப்பு திரும்பும், வலது முழங்கை விலாவை ஒட்டி வரும், கை எல்லாவற்றுக்கும் கடைசியாக வரும். அயர்ன் வீச்சின் இறக்கத்திலும் வரிசை அதுவே. மட்டை மேலே போய் முடிவதற்குச் சற்று முன்னதாகவே இடது பாதத்தில் அழுத்தம் தொடங்கிவிட வேண்டும். நீ மேலிருந்து கைகளை முதலில் வீசுகிறாய். அதனால் மணிக்கட்டின் மடிப்பு பாதி வழியிலேயே அவிழ்ந்துபோகிறது, பந்தை அடையும்போது அதில் மீதி எதுவும் இருப்பதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், மட்டையை மேலே கொண்டுபோகும் நேரம் இறக்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். மிருதங்கம் படித்த உனக்கு இதைக் கையாள எளிய வழி உண்டு. தகதிமி என்று சீராகச் சொல். முதல் ‘த’வில் மட்டை புறப்படட்டும், ‘மி’யில் உச்சியை அடையட்டும், அடுத்த ‘த’வில் பந்தைத் தொடட்டும். நீ இப்போது ‘தி’யிலேயே உச்சிக்குப் போய், அங்கிருந்து அவசரமாகக் கீழே பாய்கிறாய்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; மட்டையை உள்ளங்கையில் கிடத்தாமல் விரல்களின் அடியில் பிடி, இடது கையின் முதல் இரண்டு கணுக்கள் உன் கண்ணுக்குத் தெரியட்டும். 7 அயர்னுக்குப் பந்து நடுவிலிருந்து ஒரு பந்தளவு இடப்பக்கம் இருக்கட்டும், சாய்வு மிகுந்த குறுந்தூர மட்டையான வெட்ஜுக்கு நடுவில் இருக்கட்டும். பந்து வலப்பக்கம் வளைந்து போவதாக எழுதியிருந்தாய். அயர்னில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் மட்டைமுகம் பார்க்கும் திசைதான் தீர்மானிக்கிறது. வீச்சின் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடு அதை வளைக்கிறது. அடிமட்டம் சரியாகும்வரை அதைத் தொடாதே கண்ணு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் இரண்டும் கெடும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது இங்குள்ள சரிவில் அடித்த பந்துகள் வழக்கத்தைவிட அதிகத் தூரம் போயின என்று பெருமைப்பட்டாய். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிந்திருப்பதால் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு தூரம் தானாகவே கூடும். போதாக்குறைக்கு நீ பள்ளத்தை நோக்கி அடித்தாய். ஆனால் அந்தச் சரிவு உனக்கு ஒரு நன்மை செய்தது. இறக்கத்தில் நிற்கும்போது பந்துக்குப் பின்னால் உள்ள தரை மேடாக இருக்கும். எடையை வலது காலில் தேக்கினால் மட்டை உடனே அந்த மேட்டில் மோதிவிடும். அன்று நீ அறியாமலே தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்து, எடையை இடது காலில் ஊன்றி அடித்தாய். சமதரையிலும் அந்த உணர்வையே தேடு.

தூரத்தின் மேல் உனக்கு இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக், வெகுதூரம் அடிப்பவர்களின் வரிசையில் வருபவர் அல்லர். குழி இருக்கும் பச்சைத் திட்டை எட்ட அவருக்கு மற்றவர்களைவிட நீண்ட மட்டை தேவைப்பட்டது, அதை அவர் ஒரு குறையாக நினைத்து உடம்பை முறுக்கிக்கொள்ளவில்லை. உன் 7 அயர்ன் 130 மீட்டர் போனால், அது ஒவ்வொரு முறையும் 130 மீட்டர் போகட்டும்.

மட்டைக்குச் செலவிட நினைத்த பணத்தில் ஒரு பகுதியை, புல்தரையில் நிற்கவைத்துச் சொல்லித்தரும் நல்ல பயிற்சியாளரிடம் சில வகுப்புகளுக்குக் கொடு. இந்த ஆண்டு முடியும்போது பெயர்ந்த புல் பந்துக்கு அப்பால் விழத் தொடங்கியிருந்தால், அப்போது உன் உயரத்துக்கேற்ற தண்டு நீளத்தையும் மட்டை தரையில் அமரும் கோணத்தையும் அளந்து புதிய தொகுப்பு வாங்கு. நானே பாதிப் பணம் தருகிறேன். அடுத்த காணொளியைக் கை உயரத்தில் கைப்பேசியை நிலையாக வைத்து, முன்பக்கத்திலிருந்து ஒன்றும் இலக்குக் கோட்டின் நேர்பின்னாலிருந்து ஒன்றுமாக எடு. அவற்றோடு, அடித்து முடித்த பிறகு தரையின் படத்தையும், பந்து இருந்த இடத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா