ஐந்து டப்பா

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

போனில் பேசாமல் எதற்குத் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எழுத்து கோணலாக விழுந்திருந்தால் போனைத் திருப்பிப் பிடித்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். ஸ்லோ குக்கரில் கோழி, தக்காளி, குடைமிளகாய், காளான், எல்லாம் நல்ல நிறமாக வந்திருக்கிறது. பக்கத்தில் மூடி திறந்த ஐந்து டப்பா. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் மதியச் சாப்பாடு, வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய். வெந்நீர் வைக்கத் தெரியாமல் விமானம் ஏறின பிள்ளை இத்தாலிக்காரன் மாதிரி சமைக்கிறான் என்று பக்கத்து வீட்டில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் தம்பி, நான் முப்பது வருஷம் சத்துணவில் இருந்தவள். ஒரு சட்டியைப் பார்த்தால் எத்தனை தட்டுக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். ஐந்து நாளைக்கு ஐந்து டப்பா.

சரி, அது கிடக்கட்டும். சமைத்த கோழி ஃப்ரிட்ஜில் மூன்று நாள், போனால் நான்கு நாள், அதற்கு மேல் வேண்டாம். வியாழன், வெள்ளி டப்பாவை அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடு. வெந்ததைக் குக்கரிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே, சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், உள்ளே எடுத்து வை. அப்புறம் ஃப்ரீசரில் கல்லாகக் கிடக்கிற கோழியை அப்படியே குக்கரில் போடாதே, அது மெதுவாகச் சூடாகிற பாத்திரம், உள்ளே குளிர் விடுவதற்குள் கெட்டுப்போகும். முதல் நாள் ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் படு. நெஞ்சுக்கறி வாங்காதே, ஆறு மணி நேரத்தில் நார் நாராகப் போய்விடும். எலும்போடு தொடைக்கறி வாங்கு, தோலை உரித்துவிடு, கொழுப்பு அதில்தான் இருக்கிறது.

படத்தில் ஓரமாக ஒரு பாட்டில் கழுத்து தெரிந்தது. இந்தக் கோழிக்கு ஒயின் ஊற்றுவார்கள் என்று எனக்கும் தெரியும். சமையலுக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே நடவு முடிந்துவிட்டது. போன வாரத்து மழையில் கீழ வயலில் மூன்று நாள் தண்ணீர் நின்று வடிந்தது, பயிர் தப்பித்தது, களை எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பெரிய அத்தை வீட்டு விசேஷத்துக்கு அப்பா மட்டும் போய் வந்தார், அந்த விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மற்றதைப் போனில் சொல்கிறேன். மதியத்துக்கு ஐந்து டப்பா, சரி. ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாய்? ரொட்டியும் ஜாமுமா?

தீபாவளிக்கு வீடியோவில் நீ மட்டும் வந்தாய். மருமகளுக்கு வேலை என்றாய். அன்று வேலை நாள், நம்பினேன். அதற்கப்புறம் மூன்று ஞாயிறாக வேலை என்கிறாய். நான் கேட்கவில்லை, தம்பி. கேட்டால் நீ எங்கே பொய் சொல்ல வேண்டி வருமோ என்றுதான்.

அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் பரணில் ஏறினேன். திட்டாதே, ஏணியை அப்பா பிடித்துக்கொண்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அண்டாவுக்குப் பின்னால் இருக்கும் பார் என்று மட்டும் சொன்னார். அவருக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது! அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்லோ குக்கர், அட்டைப் பெட்டி கலையாமல், பீங்கான் சட்டிக்குள் பழைய துண்டு சுற்றி வைத்தபடி. துடைத்து ஈரம் போகக் காயவைத்துக் கட்டி வைத்திருந்தாள். நான்கூட அப்படி வைக்க மாட்டேன்.

அந்தப் பெட்டியை அவள் கனடாவிலிருந்து தூக்கி வரவில்லை. அங்கே 120 வோல்ட்டாம், இங்கே 230, அங்கே வாங்கியதை இங்கே சொருகினால் புகைந்துவிடும் என்று யோசித்து, நீங்கள் வருவதற்கு முன்பே ஆன்லைனில் நம் வீட்டு முகவரிக்கு வரவழைத்தாள். கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதே நான்தான். அப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது, எண்ணெய் குறைக்கணும், தேங்காய் குறைக்கணும், உப்பு குறைக்கணும் என்று டாக்டர் சொன்னதை நீயும் நானும் கேட்டுக்கொண்டு வந்தோம், அவள்தான் அதற்கு ஒரு பாத்திரம் பார்த்து வாங்கினாள். அப்போது எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. என் சமையல் அவரைப் படுக்க வைத்துவிட்டது என்று சொல்லிக் காட்டுகிறாள் என்றுதான் தோன்றியது.

பெட்டிக்குள் செய்முறைத் தாளும் இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம், தமிழில், எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை செய்தேன். திங்கட்கிழமை எங்கள் பக்கம் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள், நடுவில் கரண்ட் போனால் அரைகுறைச் சூட்டில் கோழி கிடக்கும், அதை எறியத்தான் வேண்டும். அதனால் ஒரு நாள் பொறுத்தேன்.

முதல் தடவை நான் செய்ததை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். தண்ணீர் ஊற்றாதீங்க அத்தை என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாள், தண்ணீர் இல்லாமல் எப்படி வேகும் என்று ஒரு டம்ளர் ஊற்றினேன். மூடியைத் திறக்காதீங்க, ஒரு தடவை திறந்தால் இருபது நிமிஷச் சூடு போய்விடும் என்று எழுதியிருக்கிறாள், மூன்று தடவை திறந்தேன். நூற்றிருபது பிள்ளைக்குக் கிண்டிப் போட்ட கை, சும்மா இருக்கவில்லை. மத்தியானம் பார்த்தால் தக்காளி ரசத்தில் கோழி நீச்சலடிக்கிறது. அப்பா குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வைத்தேன். ஒரு கிலோ தொடை, தோல் உரித்து. அடியில் பெரிய வெங்காயம் மூன்று, பட்டையாக நறுக்கி. அதன் மேல் கறி. பத்துப் பல் பூண்டு தட்டி, நாட்டுத் தக்காளி முக்கால் கிலோ கையால் பிசைந்து, குடைமிளகாய் ஒன்று, மிளகு, இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான் எண்ணெய், நான் தாளிக்கவே அதைவிட அதிகம் ஊற்றுவேன். ஒரேகானோவுக்கு எங்கே போக? பக்கத்து வீட்டுப் பையன் பீட்சாவோடு வந்த சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தான், ஆறு கொடுத்தான். முகர்ந்து பார்த்தால் ஓமத்துக்கும் கற்பூரவள்ளிக்கும் நடுவில் ஒரு வாசனை. இது நம்ம கற்பூரவள்ளிக்குச் சொந்தக்காரன் மாதிரி அத்தை என்று அவள் அன்றைக்கே சொன்னாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது கொல்லையில் இரண்டு இலை கிள்ளிக் கசக்கிப் போட்டேன், பொருந்திப் போனது. பிரிஞ்சி இலை மட்டும் வேறு ஜாதி, அவர்கள் போடும் இலையும் நம்முடையதும் ஒன்றல்ல, போடாதீங்க என்று எழுதியிருக்கிறாள். ஆலிவ் காய் போட்டால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடணுமாம், அது உப்பில் ஊறினது. நான் காயே போடவில்லை.

ஏழு மணிக்கு லோவில் வைத்தேன். அதற்கப்புறம் செய்ய ஒரு வேலையும் இல்லை, அதுதான் கஷ்டம். திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் வாசனை மெதுவாகக் கூடத்துக்கு வந்தது. உன் அப்பாயி உமியைக் குவித்து, நடுவில் மண்சட்டியைப் புதைத்துப் பால் காய்ச்சுவாளே, உனக்கு நினைவிருக்காது, நீ மூன்று வயசு. உமி புகைந்து புகைந்து நாள் முழுக்கக் கனலும், சாயங்காலம் பால் சிவந்து ஆடை விரல் தடிமனுக்கு நிற்கும். அதே கதைதான் இதுவும், உமிக்குப் பதில் கரண்ட். மொத்தம் 200 வாட்தான், ஆறு மணி நேரத்துக்கு ஒன்றேகால் யூனிட்கூட வராது, கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதால் அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணிக்கு மூடியைத் திறந்தேன். எலும்பைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு மட்டும் வந்தது.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் தாளை எடுத்தேன், அதை விட்டுவிட்டு இவ்வளவு நேரம் வெங்காயக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வந்திருந்த பொங்கல் சமயம் அவள் இதை இரண்டு தடவை செய்தாள். முதல் தடவை அப்பா சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வைம்மா என்று தட்டை நீட்டினார். முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் அவர் அப்படித் தட்டை நீட்டியதில்லை, நானாக வைத்தால் சாப்பிடுவார், போதும் என்று கையை மறிப்பார். அந்த "வைம்மா" எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டாவது தடவை அவள் விடியற்காலையில் எழுந்து கிணற்றடியில் கறி கழுவி அடுக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் விரால் மீன் வாங்கிவரச் சொல்லி, எண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்து, அவள் சட்டியை இறக்குவதற்கு முன்னால் அப்பாவுக்கு இலை போட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மீனைச் சாப்பிட்டார். டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன்.

அதோடு விட்டிருக்கலாம். உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, இதை யார் தின்பது என்று, சாணி அள்ள வந்தவளைக் கூப்பிட்டு அவள் தூக்கில் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் கொல்லைக் கதவில் ஈரத்தலையோடு அவள் நிற்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கழுவினாள். அப்புறம் சாயங்காலம் உங்கள் எல்லோர் முன்னாலும் அதை நான் வேடிக்கையாகச் சொன்னேன், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரமா என்று. நீ சிரித்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நீ சிரிக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன். நீ என் பக்கம் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது எனக்கு.

உங்களுக்குள் இப்போது என்ன என்று எனக்குத் தெரியாது, நான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை, ஒரு சட்டிக் கோழியால் யாரும் பிரிய மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு நீ சிரித்தது அவளுக்கு மறந்திருக்காது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாயி சொல்லுக்கு அப்பா சிரித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைச் சம்பா அரைக் கப்புச் சோற்றில் அந்தக் கோழியை வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பொண்ணு பண்ணினதில் இன்னும் ஏதோ ஒண்ணு இருந்துச்சே என்றார். இருந்தது. தாளில் கடைசி வரி, "இறக்கும்போது ஒரு ஸ்பூன்" என்று ஆரம்பிக்கிறது, அதற்கப்புறம் எண்ணெய் பட்டு மங்கிக் கிடக்கிறது. கண்ணாடி போட்டும், வெயிலில் பிடித்தும் பார்த்துவிட்டேன். எலுமிச்சை பிழிந்து பார்த்தேன், அது இல்லையாம்.

அந்த ஒரு ஸ்பூன் என்ன என்று அவளைக் கேள். நீயாக எதையாவது தேடிச் சொல்லாதே, உன் செய்முறை எனக்கு வேண்டாம். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்க உனக்குக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடு, விரால் மீன் வரைக்கும் படிக்கட்டும். அவளே கூப்பிட்டாலும் சரி. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா தூங்கிவிடுவார், உங்கள் ஊரில் அப்போது காலை பத்தரை. போனை என் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன்.

அம்மா