குரங்கு நிமிர்ந்து மனிதன் ஆகவில்லை: அந்தப் படத்தை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இதழின் மாணவர் பக்கத்தில் மனிதக் கூர்ப்பு (பரிணாமம்) பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எழுத்தில் பெரிய குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் போட்டிருந்த படம்தான் என்னை எழுத வைத்தது. இடது ஓரத்தில் விரல் மொளிகளை நிலத்தில் ஊன்றிய ஒரு சிம்பன்சி, அதற்கு முன்னால் பாதி குனிந்த ஒன்று, அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்த ஒன்று, கடைசியில் ஈட்டியோடு நேராக நடக்கும் மனிதன். இந்த வரிசையைப் பாடக் குறிப்புகளிலும் ரியூட்டரிச் சுவர்களிலும் காலம் முழுக்கப் பார்த்து வருகிறேன். உயிரியல் படிப்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், தயவுசெய்து அதை இனிப் போடாதீர்கள்.

இந்தப் படத்துக்கு மூலம் 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூலுக்காக ருடோல்ஃப் சாலிங்கர் என்ற ஓவியர் வரைந்தது. அதில் 15 உருவங்கள் இருந்தன. பிறகு பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் அதை ஐந்தாறாகக் குறைத்து, முதல் ஆளாகச் சிம்பன்சியை நிறுத்திவிட்டார்கள். படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? சிம்பன்சி எங்கள் பாட்டன், அது மெல்ல மெல்ல முதுகை நிமிர்த்தி மனிதன் ஆனது என்றுதானே?

சிம்பன்சியும் எங்களைப் போல இன்று வாழும் உயிரினம். அதற்கும் எங்களுக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 இலட்சம் வருடங்களுக்கு முன்னர் வாழ்ந்தது. அதன்பின் அவர்கள் வழியும் எங்கள் வழியும் வேறு. மொளி ஊன்றி நடப்பது சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் உண்டு. இரண்டின் மணிக்கட்டு எலும்புகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் பலர், அந்த நடை இரண்டிலும் தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்கிறார்கள். ஒராங்குட்டான் நிலத்துக்கு இறங்கினால் பெரும்பாலும் கையைப் பொத்திக்கொண்டு நடக்கும். கிபன் கைகளால் கொப்புக்குக் கொப்பு ஊஞ்சலாடிப் போகும், நிலத்தில் இரண்டு காலில் ஓடும். வாலில்லாக் குரங்குகளுக்குள்ளேயே இத்தனை விதம் இருக்கும்போது சிம்பன்சியின் நடையை மட்டும் எங்கள் பழைய நடையாக எப்படி எடுப்பது?

எத்தியோப்பியாவில் கிடைத்த, மனிதக் கிளையின் தொடக்கத்தைச் சேர்ந்த ஆர்டிப்பித்தேக்கசின் எலும்புகள் இந்த வரிசைக்கு நேர் எதிராக நிற்கின்றன. அதன் வயது 44 இலட்சம் வருடங்கள். விரிவான ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதன் காற்பெருவிரல் கைப்பெருவிரல் மாதிரி விலகி, கொப்பைப் பற்றக்கூடியதாக இருந்தது. இடுப்பெலும்போ நிலத்தில் இரண்டு காலில் நடந்ததைக் காட்டுகிறது. மொளி ஊன்றியதற்கான அடையாளம் அதன் கையில் இல்லை. மரமேறலும் இரு கால் நடையும் ஒரே உடம்பில்! பாதி குனிந்த அந்த நடு உருவம் எங்கே? தன்சானியாவின் லேட்டோலியில் 1978இல் புதைபடிவ ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு எரிமலைச் சாம்பலில் கண்டெடுத்த, எங்கள் மூதாதை வழியினரின் காலடித் தடங்கள் சுமார் 36 இலட்சம் வருடம் பழையவை. அங்கே பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னே பார்க்கிறது, குதி ஆழமாகப் பதிந்திருக்கிறது, எங்கள் காலடி போலவே.

நிமிர்ந்து நிற்பது நிலத்தில்தான் தொடங்கியது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. சுமாத்திராவின் ஒராங்குட்டான்களைக் கவனித்தவர்கள் 2007இல் ஒன்றை எடுத்துச் சொன்னார்கள். மெல்லிய, வளையும் கொப்புகளில் பழம் எட்டப் போகும்போது அவை முழங்காலை நீட்டி நேராக நின்று, மேலே ஒரு கொப்பைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. இரு கால் நடையின் விதை மரத்திலேயே விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இதையெல்லாம் ஆபிரிக்காவுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் குரங்குகள் படுத்தும் பாடு தங்கள் வாசகர்களுக்குத் தெரியும். குரும்பட்டியைப் பிடுங்கி எறிந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது, அந்தக் கவலையை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் குரங்கு வந்து மதிலில் நடக்கும்போது அதன் கால்களைக் கைத்தொலைபேசியில் பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒழுங்கையில் போகும் மாடு பின் இடக்காலை வைத்த பிறகு அதே பக்கத்து முன்காலை வைக்கும். குரங்கு பெரும்பாலும் பின் இடக்காலுக்கு அடுத்ததாக முன் வலக்கையை வைக்கும். நாய், பூனை, மாடு எல்லாம் ஒரு மாதிரி, குரங்கு வேறு மாதிரி. மெல்லிய கொப்பில் முன்கை புது இடத்தைத் தொடும் நேரம், பின்கால் ஏற்கெனவே நம்பிக்கையான இடத்தைப் பற்றி உடம்புக்குக் கீழே நிற்கிறது, கொப்பு முறிந்தாலும் விழாது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இன்னொன்று, பெரும்பாலான நாலுகால் விலங்குகளுக்குப் பாரம் முன்கால்களில் கூட, குரங்குக்குப் பின்கால்களில் கூட. கைக்கு வேறு வேலை கொடுக்கும் ஏற்பாடு கொப்பில் நாலு காலால் நடந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

வன்னிக் காட்டில் தேவாங்கும் இருக்கிறது. அதுவும் குரங்கும் நாங்களும் அடங்கும் அதே விலங்குக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பாயத் தெரியாது. வால் வெளியே தெரியாது. சுட்டுவிரல் குட்டையாகிப் போய், பெருவிரலும் மற்ற விரல்களும் குறடு போலக் கொப்பைக் கவ்வும். கைகால்களில் இரத்தக் குழாய்கள் வலையாகப் பின்னியிருப்பதால் நெடுநேரம் பிடித்தபடி இருக்க முடிகிறது என்கிறார்கள். மருந்தென்றும் மாந்திரீகமென்றும் அதைப் பிடிப்பவர்கள் இனியாவது விட்டுவிட வேண்டும்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒன்றுக்கு வருகிறேன். என் அப்பா சீவல் தொழிலாளி. பனை ஏறும்போது அவர் காலைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தளநாரைப் பாதங்களில் மாட்டி, இரண்டு உள்ளங்கால்களும் மரத்தை அணைக்க, கணுக்கால் மேல்நோக்கி மடிய மடிய உந்தி ஏறுவார். பாதத்தின் மேற்புறம் கணைக்காலை நோக்கி எவ்வளவு மடியும் என்பதை நாற்காலியில் இருந்து பழகிய காலோடு ஒப்பிட முடியாது. கள் முட்டியையும் பாளைக்கத்தியையும் சுமந்தபடி, வெறும் மனிதக் காலோடு, பற்றும் பெருவிரல் இல்லாமல் அவ்வளவு உயரம்.

உகாண்டாவில் தேனுக்காக மரம் ஏறும் துவா மக்களின் கால்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவர்கள் கணுக்கால் சிம்பன்சிக்கு நிகரான அளவுக்கு மடிகிறது. கெண்டைக்கால் தசையின் நார்கள், மரம் ஏறாத அயலவர்களுடையதைவிட நீளமாக இருந்தன. வித்தியாசத்தைத் தந்தது பயிற்சியால் நீண்ட தசை என்கிறார்கள். தசை புதைபடிவம் ஆகாது. அப்படியென்றால் 32 இலட்சம் வருடத்துக்கு முந்திய, எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த லூசி போன்ற ஒரு மூதாதையின் கணுக்கால் எலும்பு எங்களுடையதைப் போல இருப்பதை மட்டும் வைத்து அவள் மரமேறவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ச் சீவல் தொழிலாளர்களின் கால்களையும் யாராவது இப்படி அளந்து எழுத வேண்டும். ஏறுபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், காலம் கடந்தால் அளக்க ஆள் இருக்காது. யாழ்ப்பாணத்தில் மருத்துவமும் விலங்கியலும் படிக்கும் பிள்ளைகள் இதை ஆய்வுக்கு எடுத்தால் ஏறுபவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தர நான் உதவுவேன்.

படத்தைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை வரிசைக்குப் பதிலாகக் கிளை பிரியும் படம் போடுங்கள். சிம்பன்சி ஒரு கிளையின் நுனியில், மனிதன் இன்னொரு கிளையின் நுனியில், ஆர்டிப்பித்தேக்கஸ் மனிதக் கிளையின் அடிப்பக்கத்தில் நிற்கட்டும். அதன் விலகிய காற்பெருவிரலைத் தனியாகப் பெரிதாக்கிப் பக்கத்தில் எங்கள் பாதத்தையும் போட்டால் தரம் 8 பிள்ளைக்கும் விளங்கும். வரைய ஆள் இல்லையென்றால் தமிழ்ப் பெயர்களோடு நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
மட்டுவில், சாவகச்சேரி.