மவுண்ட்பேட்டனின் இன்னொரு பாட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் பற்றிய கட்டுரையில், ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் மனைவி, அந்தஸ்து குறைந்த குடும்பத்தில் பிறந்த சோஃபி சோடெக், அரண்மனையில் பட்ட பாட்டை உருக்கமாகவே எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால், அந்தஸ்து குறைந்த இடத்தில் பெண் எடுத்த இளவரசனின் வம்சம் அத்தோடு ஒதுங்கிவிடும், அன்றைய ஐரோப்பாவில் அதுதான் வழக்கம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் குடும்பமே அப்படி ஒரு கல்யாணத்தில் தொடங்கியதுதானே!

அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி, ஜூலியா ஹவுக்கே. 1825-இல் வார்சாவில் பிறந்தவர். ரஷ்ய ஜாரின் கீழிருந்த போலந்தில் தளபதியாக இருந்த அவருடைய அப்பாவுக்குப் பிரபு பட்டம் கிடைத்ததே 1829-இல்தான். அடுத்த வருடம் ரஷ்ய ஆட்சியை எதிர்த்து வெடித்த நவம்பர் எழுச்சியின்போது போலந்துக் கிளர்ச்சிக்காரர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஜாரின் ஆதரவில் வளர்ந்த ஜூலியா, பட்டத்து இளவரசரின் மனைவி மரியாவுக்குத் தோழியானார். மரியாவின் அண்ணன், ஜெர்மனியின் ஹெஸ்ஸே இளவரசர் அலெக்சாண்டர், ரஷ்யப் படையில் இருந்தார். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஜார் கூடாது என்றார். அவர்கள் ரஷ்யாவை விட்டே கிளம்பி, 1851-இல் பிரெஸ்லாவில் (இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரம்) மணம் முடித்துக்கொண்டார்கள். ஜூலியாவுக்கு பேட்டன்பெர்க் என்ற ஊரின் பெயரில் ஒரு பட்டம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஹெஸ்ஸே அரியணையில் உரிமை கிடையாது.

சோஃபிக்கு நேர்ந்தது இவருக்கு ஏன் நேரவில்லை? ஃபெர்டினாண்ட் பட்டத்துக்கு உரியவர், அதனால் வியன்னா விடாப்பிடியாக நின்றது. அலெக்சாண்டரோ அண்ணன்மாருக்குப் பின்னால் பிறந்தவர், அவரால் யார் அரியணைக்கும் ஆபத்தில்லை. அப்புறம், அரச குடும்பத்தார் சம அந்தஸ்துள்ள இடத்தில்தான் மணக்க வேண்டும் என்ற சட்டமே இங்கிலாந்தில் கிடையாது. ஜூலியாவின் மகன் ஹென்றிக்குத் தன் கடைசி மகள் பீட்ரிஸை 1885-இல் கட்டிக்கொடுத்தார் விக்டோரியா மகாராணி. ஜெர்மனியை ஆண்ட பிரஷ்ய அரச குடும்பம் முகம் சுளித்தது, ராணி அசரவில்லை.

ஜூலியாவின் இன்னொரு மகன் அலெக்சாண்டரை பல்கேரியா 1879-இல் ஆள அழைத்தது. 1886-இல் பதவி போயிற்று. பிரஷ்ய இளவரசியை மணக்க நினைத்ததை ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர் போன்றவர்) பிஸ்மார்க் தடுத்தார். கடைசியில் ஓர் ஆபெராப் பாடகியைக் கட்டிக்கொண்டார், அப்பாவின் மகன்தான்!

ஜூலியாவின் மூத்த மகன் லூயி, அதாவது வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் அப்பா, பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பதவிவரை உயர்ந்தார். 1914-இல் போர் வந்ததும், ஜெர்மனியில் வேர் உள்ளவர் என்ற கூச்சலில் பதவி விலகினார். 1917-இல் பேட்டன்பெர்க் என்ற குடும்பப் பெயர் மவுண்ட்பேட்டன் ஆனது. அவருடைய மகள்களில் லூயிஸ் ஸ்வீடன் ராணி; ஆலிஸ், இளவரசர் ஃபிலிப்பின் தாய். ஆக, இன்றைய மன்னர் சார்லஸுக்கு ஜூலியா பாட்டிக்குப் பாட்டி. ஹென்றியின் மகள் ஸ்பெயின் ராணியானதால், இன்றைய ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பேயும் இவர் வழிதான்.

சோஃபியின் பிள்ளைகளுக்கு ஆஸ்திரிய அரியணையில் உரிமை இல்லை என்று 1900-இல் ஃபெர்டினாண்டிடம் சத்தியம் வாங்கினார்கள். 1918-இல் அந்த அரியணையே போய்விட்டது என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மவுண்ட்பேட்டன் பெயர் வரும்போதெல்லாம் 'விக்டோரியாவின் கொள்ளுப்பேரன்' என்று போடுகிறீர்கள். அது சரிதான். அடுத்த முறை வார்சாவில் பிறந்த பாட்டியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்