பாட்டிலில் மீந்த தண்ணீர்

மதுரை,
கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சரக்கு ரயில் இன்ஜினில் உதவி லோகோ பைலட்டாக, அதாவது உதவி டிரைவராக, ஒன்பது மணி நேரம் இருந்துவிட்டு ஆந்திராவின் குண்டக்கல்லில் இறங்கியபோது, கொண்டுபோன இரண்டு பாட்டிலில் ஒன்றைத் திறக்கவே இல்லை என்று நேற்று நீ சாதாரணமாகச் சொன்னாய். நீ சொல்லாவிட்டாலும் காரணம் எனக்குத் தெரியும். இன்ஜினில் கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொள்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

உன் தாத்தா ராமேஸ்வரம் மீட்டர்கேஜ் (குறுகிய ரயில்) பாதையில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன். அடுப்புக்கு முன்னால் நின்றவர், துணிப் பையில் தண்ணீரை நிரப்பி வெளிக்காற்றில் தொங்கவிட்டுச் சில்லென்று குடிப்பார். எனக்கு வாய்த்தது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். டிரைவர் அறைக்கு ஒரு புறம் இன்ஜின் கூடு நீண்டிருக்கும்; அந்த நீண்ட பக்கம் முன்னால் வரும்படி ஓட்டும் நாள்களில், இன்ஜினின் அனல் முழுவதும் ஜன்னல் வழியாக எங்கள் முகத்தில் அடிக்கும்.

நான் உதவி டிரைவராக இருந்தபோது ஒரு மே மாத மதியம், மானாமதுரையைத் தாண்டிப் பரமக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வெயில் என்னை என்ன செய்துவிடும் என்ற இளமைத் திமிரில் காலையிலிருந்து நான் தண்ணீரைத் தொடவில்லை. வேர்வை நின்றுபோயிருந்ததைக்கூட கவனிக்கவில்லை. சிக்னலைப் பார்த்தேன், பச்சை என்று தெரிந்தது, அதை டிரைவருக்கு உரக்கச் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொல் எழும்பவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பரமக்குடியில் வண்டி நின்றதும் என் பிடரியில் தண்ணீரை ஊற்றி, தம் தூக்குவாளியிலிருந்த உப்புப் போட்ட நீராகாரத்தைக் குடிக்க வைத்தார். அன்று அந்த சிக்னல் சிவப்பாக இருந்து நான் இப்படி ஊமையாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, அம்மா. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லாம் சரி என்று ஆல்ரைட் சைகை காட்டி முடித்ததும் இரண்டு மடக்கு குடித்துவிடு. வேறு வண்டிக்கு வழிவிட உன் வண்டியை லூப்பில் (பக்கப் பாதையில்) நிறுத்தினால், லோகோ பைலட்டிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷன் கழிப்பறைக்குப் போய் வா. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கழிப்பறை வசதி கேட்டு, உன்னோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அனல்காற்று வீசும்போது ஜன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் உடம்பு குளிராது. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள். ஏறும் கைப்பிடி கொதிக்கும் என்பதால் கையில் ஒரு பழந்துணி இருக்கட்டும். புதிய மின் இன்ஜின்களில் ஏசி வருகிறது. அது உனக்குக் கிடைத்த பிறகும் இந்தத் தண்ணீர்ப் பழக்கத்தை விடாதே.

அம்மா உப்பு நார்த்தங்காய் காயவைத்து அனுப்பியிருக்கிறாள். வேலைக்கு எடுத்துப்போகும் லைன் பாக்ஸில் (பெட்டியில்) ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும். அடுத்த முறை பேசும்போது, பாட்டிலில் எவ்வளவு மீந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா