ரேஸ் பைப் போட்டா மட்டும் காணாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரிலை ஸ்னோமொபைல் (பனியிலை ஓடுற மிசின்) பற்றி வந்ததை வாசிச்சன், ரொறொன்ரோவிலை இருந்து எங்கட ஆக்களும் ட்ரெய்லர் கட்டிக்கொண்டு ஹாலிபேர்ட்டன் பக்கம் போகினம் எண்டு சந்தோசம்தான், ஆனா பழைய டூ ஸ்ட்ரோக் மிசினுக்கு ஒரு ரேஸ் பைப், அதுதான் வேகத்துக்கெண்டு செய்த புகைக்குழாய், போட்டா காணும் பறக்கும் எண்ட மாதிரி ஒரு வரி இருந்துது பாருங்கோ, அதை நம்பி ஒரு பெடியன் செய்தானெண்டா எஞ்சினைச் சாப்பிட்டுப்போடுவான். நான் சாப்பிட்டனான்.

என்னட்டை இருக்கிறது ஒரு பழைய பொலாரிஸ் இண்டி 500, ரெண்டு சிலிண்டர், ரெண்டு மிக்குனி காபரேற்றர், பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுறது அதுதான். டிசம்பரிலை பைப் போட்டன். அண்டைக்கு வெளியிலை 0 டிகிரி, நல்லா ஓடிச்சுது, காபரேற்றருக்குள்ளை பெற்றோல் அளவா வாற சின்னத் துளை, ஜெட் எண்டுறது, அதைத் தொடேல்லை. ஜனவரியிலை மைனஸ் 25, அதே மிசினைக் கொண்டுபோய் ஏரியிலை முழு த்ரொட்டில் பிடிச்சன், ரெண்டு நிமிசம் கூட இல்லை, டக்கெண்டு நிண்டுட்டுது. கழட்டிப் பாத்தா பிஸ்டன்ரை எக்ஸோஸ்ட் பக்கம் உருகி ஓட்டை. பிழை முழுக்க என்ரைதான். 0க்கும் மைனஸ் 25க்கும் இடையிலை காத்து கிட்டத்தட்ட 10 வீதம் அடர்த்தி கூடும், பைப்பும் வேற கூடக் காத்தை இழுக்குது, நான் பெற்றோலை மட்டும் பழைய அளவிலை விட்டுட்டன், காத்துக்கேத்த பெற்றோல் இல்லாட்டி எஞ்சின் சூடேறி உருகும்.

அதாலை முதல் வேலை காபரேற்றர். முழு த்ரொட்டிலுக்கு மெயின் ஜெட், நடு த்ரொட்டிலுக்கு ஊசி, அதுக்கும் குறைஞ்ச த்ரொட்டிலுக்கு பைலட் ஜெட். மெயின் ஜெட்டை ரெண்டு சைஸ் பெரிசாப் போட்டுத் தொடங்குங்கோ, புகைச்சாலும் பரவாயில்லை, எஞ்சின் உயிரோடை இருக்கும். முழு த்ரொட்டிலிலை கொஞ்சத் தூரம் ஓடி, த்ரொட்டிலை விடாமலே ஓஃப் பண்ணி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, மண்ணிறமெண்டா சரி, வெள்ளையெண்டா பெற்றோல் காணாது, வீட்டை போங்கோ. குளிர் கூடின நாளெண்டா திரும்பவும் பாக்கோணும், சோம்பல் படக்கூடாது.

ஜெட் சரி வந்தாப் பிறகுதான் கிளச், மாறிச் செய்தா ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிசத்திலை எத்தினை தரம் சுத்துது எண்டது) மீற்றர் உங்களுக்குப் பொய் சொல்லும். இந்த மிசினிலை கியர் இல்லை, எஞ்சின் பக்கத்துக் கிளச்சுக்குள்ளை இருக்கிற வெயிட்டுகள் சுத்தேக்கை வெளியாலை எறிபட்டு பெல்ட்டை மேலை தள்ளுது, அவ்வளவுதான் விசயம். பைப் மாத்தினா எஞ்சின் பலம் குடுக்கிற ஆர்பிஎம் கூடிப்போகும், முந்தி 7800 இப்ப 8300 எண்டு வையுங்கோ, ஆனா வெயிட் இன்னும் பழைய கணக்கிலைதானே இருக்கு, அது எஞ்சினை அந்த இடத்துக்கு ஏற விடாமல் அமத்திப் பிடிக்கும். பெரிய கியரிலை சைக்கிளை மேட்டிலை மிதிக்கிற மாதிரி. பைப்புக்குக் குடுத்த காசு அங்கையே முடிஞ்சுது.

பெல்ட் சூடானாப் பிறகு நேரான இடத்திலை முழுசாப் பிடிச்சு மீற்றரைப் பாருங்கோ, குறையவெண்டா வெயிட்டைக் குறைக்கோணும், கூடவெண்டா கூட்டோணும், ஒரு கிராமே 100 ஆர்பிஎம் கிட்ட மாத்தும். எடுபடுற ஆர்பிஎம், அதாவது கிளச் பெல்ட்டைப் பிடிச்சு மிசின் அசையத் தொடங்கிற இடம், சரியில்லையெண்டா அது ஸ்பிரிங் வேலை. பின் கிளச்சுக்குள்ளை இருக்கிற சரிவான துண்டு, ஹீலிக்ஸ் எண்டுறது, அதைக் கடைசிக்கு விடுங்கோ. ஒரு நேரத்திலை ஒண்டைத்தான் மாத்தோணும், மாத்தினதைக் கொப்பியிலை எழுதோணும், இல்லாட்டி ரெண்டாம் நாள் எதாலை எது வந்ததெண்டு உங்களுக்கே தெரியாது. பெல்ட் இல்லாமல் எஞ்சினை றேஸ் பண்ணிப் பாக்கிறவையும் இருக்கினம், தயவுசெய்து வேண்டாம், கிளச் வெடிச்சா துண்டு காலுக்குத்தான் வரும்.

ஜனவரிக் குளிர் வாறதுக்கு முதல் அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போட்டு விடுங்கோ ஐயா. ஓட்டை பிஸ்டன் இப்பவும் கராஜிலை கிடக்கு, படம் வேணுமெண்டா எடுத்து அனுப்பிறன்.

ஸ்காபரோவிலை இருந்து ஒரு வாசகன்