குளவி பறந்த பிறகு வரும் அட்டை: கரும்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கரும்பைத் துளைக்கும் புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவிகள் உள்ளே வளர்கிற முட்டைகளை ஒட்டிய காகிதம்தான் முட்டை ஒட்டுண்ணி அட்டை; அது எங்களுக்குக் காலம் தவறி வரும் விவகாரம் தங்களுக்குப் புதிதல்ல. கோட்டக் கூட்டத்தில் பேசியாயிற்று, மனுவும் கொடுத்தாயிற்று. ஆகவே முன்கதை வேண்டாம்.

இந்தப் பருவம் கொடுத்த அட்டைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கருத்த முட்டைகளில் ஊசி குத்தியது போல் ஓட்டை. உள்ளே இருந்த டிரைக்கோகிரம்மா குளவிகள் கோட்ட அலுவலக மேசையிலேயே வெளியேறிவிட்டன. ஒட்டுண்ணி ஏற்றிய முட்டை 7, 8 நாளில் பொரிந்துவிடும்; வெளிவந்த குளவிக்குச் சில நாள்தான் ஆயுள். நாங்கள் துண்டு துண்டாக நறுக்கித் தோகையின் அடிப்புறம் கட்டியது வெறும் காகிதம்.

கணுக்களுக்கு இடையே தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு ஹெக்டேருக்கு 2.5 சி.சி. (கன செ.மீ.) ஒட்டுண்ணி முட்டை, அதாவது ஏக்கருக்கு 1 சி.சி.; நட்ட 4ஆம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 6 தடவை. குளவி புழுவைத் தொடாது, முட்டையைத்தான் அழிக்கும். புழு முட்டையாக இருக்கும் நாள் தவறினால், பொரிந்த புழு கணுவிடைக்குள் போய்விடும். துளையை எச்சம் அடைத்துக்கொள்ளும். மேலே அடிக்கும் மருந்து அதற்கு எட்டாது. அந்த நேரத்தில் ஊரில் யோசனை கேட்கக் கிடைப்பவர் மருந்துக்கடைக்காரர்தான். கடனுக்கே மருந்து தருவார். அந்தத் தெளிப்பு புழுவை விட்டுவிட்டு அடுத்த தவணைக் குளவியைக் கொல்லும். அவரைக் குறை சொல்லவில்லை, கேட்டவுடன் பதில் சொல்கிறாரே!

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அட்டையும் ஆலோசனையும் பயிரின் வயதுக்கு வரவேண்டும். வயது தெரியாது என்று சொல்ல வழியில்லை. கரணை (விதைக் கரும்புத் துண்டு) ஊன்றிய தேதி, ரகம், சர்வே எண், மறுதாம்பு (வெட்டிய கட்டையில் மீண்டும் தழைக்கும் பயிர்) என்றால் முந்தைய வெட்டுத் தேதி, எல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. வெட்டு உத்தரவை அதைப் பார்த்துத்தானே போடுகிறீர்கள்? அதே தேதியை வைத்து, நட்ட 3ஆம் நாள் பாரில் 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குச் சோகை (காய்ந்த தோகை) பரப்பு, 30ஆம் நாள் லேசாக மண் அணை, 5ஆம் மாதமும் 7ஆம் மாதமும் சோகை உரி என்று அந்தந்த வயலுக்குச் சொல்லலாம். வருவதோ எல்லாருக்கும் ஒரே குறுஞ்செய்தி: பூச்சித் தாக்குதல் தென்பட்டால் கரும்பு அலுவலரை அணுகவும். அலுவலரை எங்கே அணுகுவது என்று இன்னொரு குறுஞ்செய்தி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

செவ்வழுகல் நோயில் தாமதம் இதைவிடக் கொடியது. 3ஆவது, 4ஆவது தோகை மஞ்சளாகும்போதே கரும்பைப் பிளந்து காட்ட ஆள் வேண்டும். சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டு, சாராய நெடி: இருந்தால் அதுதான். தூரோடு பிடுங்கி எரித்து, அந்த இடத்தில் 0.1 சதவீத கார்பென்டாசிம் கரைசலை ஊற்ற வேண்டும், மறுதாம்பு விடக்கூடாது. வந்த நோயைக் குணப்படுத்த மருந்தே இல்லை. யாரும் பார்க்காமல் அந்த வயலை விதைக்கரணைக்கு வெட்டினால் நோய் டிராக்டர் ஏறி அடுத்த ஊருக்குப் போகும். உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்ற கரும்பு ரகம் இந்த நோயால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

தேதி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கரும்பு ஒப்படைத்த 14 நாளில் பணம், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. எங்கள் வெட்டுத் தேதி ஒரு நாள் தள்ளக்கூடாது. உங்கள் பணத் தேதி மட்டும் எவ்வளவும் தள்ளலாம் போலிருக்கிறது. மன்னிக்கவும், அது வேறு மனு.

தயவுசெய்து அடுத்த தவணைக்குள் இதையாவது செய்யுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்னும் ஒட்டுண்ணி ஏற்றிய தேதியை முத்திரை குத்துங்கள். கோட்ட அலுவலகத்தில் அடுக்காமல், பொரிய ஒரு நாள் இருக்கும்போதே, 4ஆம் மாதம் எட்டிய வயல்களின் பட்டியல்படி ஊருக்குக் குளிர்பெட்டியில் அனுப்புங்கள். வாங்கிய அன்று மாலையே கட்டிவிடுகிறோம். பொரிந்துபோன அட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதாக இனி இல்லை.

இப்படிக்கு,
பதிவுக் கரும்பு விவசாயிகள்