அண்ணாவுக்கு, உங்கள் கையெழுத்துக்காக

அன்புள்ள அண்ணா,

திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய மேஸ் (காலுறை) கம்பனியின் வியாபாரப் பெயர்ப் பதிவில் இனி என் பெயர் மட்டும்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் உங்கள் கையெழுத்தைக் கேட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். அதனால் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

அம்மாவின் ஈ.பி.எஃப் காசில் மெசின் வாங்கிய கதையை விடுகிறேன். எவ்வளவு, யார் பேச்சைக் கேட்டு என்பதெல்லாம் நம் வீட்டு விஷயம். என் மனதில் நிற்பது அது ஓடிய முதல் இரவு. உருளையைச் சுற்றி 144 ஊசிகள். மேல்பட்டியிலிருந்து கணுக்கால் வரை ஒரே பக்கமாகச் சுற்றிப் பின்னிக்கொண்டு வந்தது. திடீரென்று சத்தம் மாறியது. பாதி ஊசிகள் மேலே ஏறி சும்மா நின்றன, உருளை முன்னும் பின்னுமாக ஆடியது. ஓரத்து ஊசிகள் ஒவ்வொன்றாக விலகின, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கெட்டுப்போச்சு என்று நான் சுவிட்சை அணைக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு தங்கச்சி, பழுதில்ல, குதிக்கால் போடுது" என்றீர்கள். விரல் பக்கம் இன்னும் தைக்காத மேஸ் ஒன்று எண்ணெய் வாசத்தோடு விழுந்தது. காலமெல்லாம் வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போன அம்மா அதை எடுத்து அப்படியே காலில் மாட்டிக்கொண்டு லயத்து வாசல் வரை நடந்தார். நீங்கள் அழுதீர்கள், அண்ணா.

அந்த ஆள் எங்கே போனார்?

2017இல் ஜிஎஸ்பி பிளஸ், அந்த ஐரோப்பிய ஒன்றிய வரிச்சலுகை, திரும்பி வந்ததும் ஏற்றுமதி, ஏற்றுமதி என்றே இருந்தீர்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். ஜோடி அளவு பிசகக் கூடாது, விரல் தையல் உறுத்தக் கூடாது, அச்சில் மாட்டி நீராவி கொடுத்தால்தான் வடிவம் நிற்கும் என்பதையெல்லாம் அந்தத் துணை ஒப்பந்த ஓடர்தான் கற்றுத் தந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அடுக்கி வைத்த பெட்டிகளுக்குக் காசு வரவில்லை. தராதவர்கள் யாரென்று எழுத மாட்டேன். உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. குதிகால் பாதியில் கரண்ட் போனால் அந்த மேஸ் குப்பைக்குத்தான். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது, நூல் விலையும் கூடவே ஏறியது. நீங்கள் கட்டாருக்குப் போனீர்கள். கடனை அடைத்தது உங்கள் காசு, அதை என்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் சம்பள நாளில் பெண்களின் முகத்தைப் பார்த்தது நான்.

"ஸ்கூல் மேஸ் வித்து கம்பனி நடத்த ஏலாது" என்றீர்கள். அதே டொலர் வெளிநாட்டு மேஸின் விலையையும் ஏற்றிவிட்டதே! சீருடைத் துணியை அரசாங்கம் தருகிறது, மேஸைத் தாய் தகப்பன்தான் வாங்க வேண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த வீடுகளில் ஒரு ஜோடி சீக்கிரம் கிழிந்தால் அது சின்ன நட்டமில்லை. அதனால் குதிகாலுக்கும் விரலுக்கும் நைலோன் நூல் ஒன்று கூடுதலாக ஓட்டினேன். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைக் கடைக்காரர்கள் இப்போது ஒக்டோபரிலேயே ஓடர் தருகிறார்கள். கம்பனி வளர்ந்தது இந்த வெள்ளை மேஸில்தான். இதை உங்கள் வாயால் ஒரு தடவை கேட்க ஆசை.

பழைய மெசினை இரும்புக்குக் கொடுத்ததில் உங்களுக்குக் கோபம் என்று அண்ணி சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உதிரிப்பாகம் கிடைக்காத மெசினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் காசு பெண்களின் தீபாவளி முற்பணத்துக்குப் போனது. அப்போது நீங்கள் இங்கே இருந்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

உங்கள் பங்கைக் கணக்காளர் எழுதியபடி தவணையில் தருவேன். தொகை இங்கே வேண்டாம். படிவம் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

லீவில் வந்தால் டவுனில் லொட்ஜ் எடுக்காதீர்கள். போன தடவை எடுத்ததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தங்கச்சி